லாரியில் வருவதை அளக்காமல் தொட்டி கட்டாதீர்கள்

சிங்கப்பூரில் இருந்து ஆசிய ஊர்களுக்குக் கழிவுநீர்த் திட்டம் தீட்டும் ஆலோசனை நிறுவனங்களின் பொறியாளர்களுக்கும் திட்ட மேலாளர்களுக்கும்,

போன மாதம் ஒரு திட்டத்தின் செலவுப் பட்டியல் என் கைக்கு வந்தது. தமிழ்நாட்டில் வேகமாக வளர்ந்துவரும் ஒரு நகராட்சிக்கு மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் கட்டும் திட்டம் அது. வடிவமைப்பு வேலை இங்கே, உங்களில் ஒருவருடைய அலுவலகத்தில் நடக்கிறது. பட்டியலில் ஏழாவது வரி நான் எழுதிக் கொடுத்தது: 'செப்டிக் டேங்க் லாரிகளில் மாதிரி எடுத்தல், ஆய்வுக்கூடச் சோதனை, 6 வாரம்.' அந்த வரியின் மேல் சிவப்புக் கோடு போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'தேவையில்லை. ஏற்கெனவே வெளிவந்த சராசரி அளவுகளையே எடுத்துக்கொள்ளலாம்.'

இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு முறை நேரில் போய்ப் பேசினேன். நேரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே சிவப்புக் கோட்டை வேறு அலுவலகங்களிலும் பார்த்துவிட்டேன், ஒருவரைச் சொல்லி மற்றவரை விடுவது நியாயம் ஆகாது. தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. அன்றைக்கு அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஐந்து பேரில் மூன்று பேர் தமிழர்கள். கழிவுநீர் லாரி தெருவுக்குள் வந்தால் வீட்டுக் கதவு, ஜன்னலை எல்லாம் சாத்தும் ஊர்களில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களும் பேசாமல் இருந்தார்கள்.

நான் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர். 22 வருடமாகக் கழிவுநீரையும் கசடையும் எடை பார்ப்பதும், காயவைப்பதும், எரித்துப் பார்ப்பதும்தான் என் வேலை. வடிவமைப்பு எனக்குத் தெரியாது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் உங்கள் வடிவமைப்பின் முதல் பக்கத்தில் இருக்கும் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நாம் சிங்கப்பூரில் பார்க்கும் கழிவுநீர் வேறு. இங்கே வீட்டுக் கழிவு குழாயில் இறங்கி, ஒன்றோடொன்று கலந்து போகிறது. அதில் பெரும்பகுதி பூமிக்கு அடியில் 48 கிலோமீட்டர் ஓடும் சுரங்கத்தின் வழியாகச் சாங்கி சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருகிறது. சில மணி நேரத்துக்கு முன்பு வீட்டில் இருந்து கிளம்பிய தண்ணீர் அது. லட்சக்கணக்கான வீடுகள் கலந்துவிடுவதால் இன்று எடுத்த மாதிரிக்கும் அடுத்த வாரம் எடுக்கும் மாதிரிக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. அப்படிப்பட்ட தண்ணீருக்குச் சராசரி என்ற சொல் பொருந்தும்.

செப்டிக் டேங்கில் இருப்பது அப்படி இல்லை. ஒரு வீட்டுத் தொட்டியைப் பத்து வருடத்துக்கு ஒரு முறை எடுக்கிறார்கள், இன்னொன்றை மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுக்கிறார்கள். ஒன்றில் சமையலறைத் தண்ணீரும் சேர்கிறது, இன்னொன்றில் கழிப்பறைத் தண்ணீர் மட்டும். ஒன்று சிமெண்டுத் தொட்டி, இன்னொன்று அடியில் பூசாமல் விட்ட உறை. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உள்ளே ஏறினால் அதுவும் மாறிவிடும். வெளிவந்த ஆய்வுகளை எடுத்துப் பாருங்கள், ஒரு லிட்டர் கசடில் திடப்பொருள் சில கிராம் என்பதில் தொடங்கி 50 கிராமுக்கு மேல் வரை போகிறது. இவ்வளவு விரிந்து கிடப்பதில் இருந்து ஒரே ஒரு எண்ணைப் பொறுக்கி எடுத்து, அதை ஒரு ஊரின் தலையில் கட்டுகிறோம்.

மூன்று வருடத்துக்கு முன்பு வேறொரு திட்டத்துக்காகத் தமிழ்நாட்டில் 12 நாள் தங்கியிருந்தேன். காலை ஆறு மணிக்கே லாரிகள் வரத் தொடங்கிவிடும். ஓட்டுநர் வால்வைத் திறந்ததும் முதல் பீச்சலில் ஒரு குவளை, நடுவில் இரண்டு, வண்டி காலியாகும் நேரத்தில் ஒன்று என்று பிடித்து, வாளியில் ஊற்றிக் கலக்கி, அதில் இருந்து ஒரு லிட்டர் புட்டியை நிரப்ப வேண்டும். முதலில் வருவது ஒன்று, கடைசியில் வருவது ஒன்று. கடைசியில் வருவதைப் பிடிக்காவிட்டால் அடியில் தங்கிய கெட்டியான பகுதி கணக்கிலேயே வராது. ஒவ்வொரு புட்டிக்கும் ஒரு தாள் உண்டு. எந்த இடத்துத் தொட்டி, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், கடைசியாக எப்போது எடுத்தார்கள், எடுக்கும்போது தண்ணீர் விட்டுக் கலக்கினார்களா என்றெல்லாம் கேட்டு எழுத வேண்டும்.

அந்தத் தாளை நிரப்ப எனக்கு உதவியவர் ஒரு லாரி ஓட்டுநர். முப்பது வயதுகூட இருக்காது. கையுறை இல்லை, காலில் ரப்பர் செருப்பு. வண்டி தூரத்தில் திரும்பும்போதே சொல்லிவிடுவார். "அக்கா, இது மண்டபத்து லோடு, தண்ணிதான் வரும். அடுத்த வண்டி பஸ் ஸ்டாண்டு. அதுக்குத் தள்ளி நின்னு பிடிங்க." ஒரு நாள்கூட அவர் சொன்னது தவறவில்லை.

தங்கியிருந்த அறையின் ஜன்னல் திட்டில் மூன்று இம்ஹாஃப் கூம்புகளை வரிசையாக வைத்தேன். கண்ணாடிக் கூம்பு, கீழே கூராக இருக்கும், பக்கவாட்டில் அளவுக் கோடுகள். ஒரு லிட்டர் ஊற்றி அசையாமல் வைத்தால், எவ்வளவு அடியில் படிகிறது என்று பார்க்கலாம். வீட்டுத் தொட்டியில் இருந்து வந்தது கால் மணி நேரத்திலேயே பிரியத் தொடங்கியது. கருப்பாகக் கீழே இறங்கி, மேலே தேநீர் நிறத்தில் தண்ணீர் தெளிந்து நின்றது. கல்யாண மண்டபத்துக் கூம்பில் அடியில் இரண்டு விரல் அளவுக்குத்தான் கசடு, மேலே மஞ்சளாக எண்ணெய் ஆடை. பஸ் ஸ்டாண்டுக் கூம்பைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் ஆகியும் கோடே விழவில்லை. மேலிருந்து கீழ் வரை ஒரே பழுப்பு. உள்ளிருந்து சிறு சிறு குமிழியாக வாயு கிளம்பி, படிய முயன்றதையும் மேலே தூக்கிக்கொண்டிருந்தது.

காரணம் எளிது. பல வருடம் தொட்டியில் கிடந்த கசடு உள்ளேயே செரித்துவிடும், தண்ணீரைச் சுலபமாக விட்டுவிடும். பொதுக் கழிப்பறையிலும் லாட்ஜிலும் அடிக்கடி எடுப்பதால் அது பச்சையாகவே வரும். படியாது, வடியாது, மணலில் ஊற்றினால் மணலை அடைத்துக்கொள்ளும். 105 பாகையில் இரவு முழுக்கக் காயவைத்து எடை போட்டு, அப்புறம் 550 பாகையில் எரித்து மிஞ்சும் சாம்பலை எடை போட்டால் எவ்வளவு செரித்திருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடலாம். இதற்கு வேண்டியது ஒரு சூட்டடுப்பு, ஓர் எரிஉலை, ஒரு நல்ல தராசு. அந்த ஊரில் இருந்து அரை மணி நேரத் தூரத்தில் இருந்த பொறியியல் கல்லூரியில் மூன்றும் இருந்தன.

இப்போது கணக்குக்கு வருகிறேன், இது உங்கள் மொழி. ஒரு நாளைக்கு 20,000 லிட்டர் கசடு வருகிறது, வருடத்தில் 300 நாள் வண்டி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 10 கிராம் திடப்பொருள் என்றால் வருடத்துக்கு 60 டன். 30 கிராம் என்றால் 180 டன். நம் வெயிலில், கசடை மணல் மேல் ஊற்றிக் காயவைக்கும் உலர்களத்தில், ஒரு சதுர மீட்டருக்கு வருடத்துக்கு 100 முதல் 200 கிலோ வரை ஏற்றலாம் என்பது பொது வழக்கம். நடுவில் 150 என்று எடுங்கள். முதல் எண்ணுக்கு 400 சதுர மீட்டர் போதும். இரண்டாவதற்கு 1,200 வேண்டும். இரண்டுமே ஆய்வுகளில் வருகிற எண்கள்தான். எது உங்கள் ஊரின் எண் என்று அளக்காமல் எப்படிச் சொல்வீர்கள்?

உலர்களம் வேண்டாம், பக்கத்தில் இருக்கும் கழிவுநீர் நிலையத்திலேயே ஊற்றிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கும் இதே கேள்விதான். திருச்சி போன்ற ஊர்களில் லாரிகள் பாதாளச் சாக்கடை நீரேற்று நிலையங்களில் கொண்டுவந்து ஊற்றுகின்றன. கணக்குப் பார்த்துச் செய்தால் நல்ல வழி. ஆனால் 6,000 லிட்டர் லாரி ஒன்றில், சிதைவதற்குத் தேவைப்படும் ஆக்சிஜன், அதாவது சிஓடி, லிட்டருக்கு 20 கிராம் இருந்தால் அந்த ஒரு வண்டி மட்டும் 120 கிலோ சுமை. சாதாரண நகரக் கழிவுநீரில் லிட்டருக்கு 0.6 கிராம் என்று வைத்தால், அந்த ஒரு வண்டி 2 லட்சம் லிட்டர் கழிவுநீருக்குச் சமம். சின்ன நிலையத்தில் காலை ஏழு மணிக்கு நான்கு வண்டி சேர்ந்து வந்து ஊற்றினால் உள்ளே இருக்கும் நுண்ணுயிர் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

அளக்காமல் கட்டினால் என்ன நடக்கும் என்பதையும் அதே பயணத்தில் பார்த்தேன். அது ஒரு கோயில் ஊர். நிலையம் கட்டி இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. சுவரில் பெயின்ட் புதிதாக இருந்தது. உள்ளே போனால் பத்து உலர்களத்தில் ஆறில் கசடு கூழாக நின்றது. மேலே பச்சையாகப் பாசி படர்ந்து, நடுவில் கொசு முட்டையிட்டிருந்தது. மேல் மணலைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார் ஓர் ஊழியர், மண்வெட்டி உள்ளே போகவே சிரமப்பட்டது. மீதி நான்கும் நிரம்பிவிட்டதால் வாசலில் ஐந்து லாரிகள் காத்திருந்தன. ஓட்டுநருக்கு நடைக்குத்தான் காசு. இரண்டு மணி நேரம் நின்றால் ஒரு நடை போய்விடும். அப்புறம் எங்கே போவார்கள்? ஊருக்கு வெளியே ஓடைக்கரையில் டயர்த் தடம் இருந்தது, நாற்றமும் இருந்தது. அந்த ஓடை போய்ச் சேரும் ஏரியில்தான் ஊரே துணி துவைக்கிறது.

நிலையத்தின் வடிவமைப்பு அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படித்தேன். வீடுகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட்டு, வீட்டுத் தொட்டிக் கசடின் சராசரியைப் போட்டிருந்தார்கள். வாசலில் வைத்திருந்த வண்டிப் பதிவேட்டைப் புரட்டினால் விஷயம் வேறு. வீட்டுக்காரர்கள் பத்து வருடத்துக்கு ஒரு முறைதான் கூப்பிடுகிறார்கள். தினம் வருகிற வண்டிகளில் பெரும்பகுதி லாட்ஜ், பொதுக் கழிப்பறை, யாத்ரிகர் விடுதி. எல்லாம் பச்சைக் கசடு. ஒரே ஒரு வாரம் அந்த ஊர் லாரி ஓட்டுநர்களோடு நின்றிருந்தால் இது தெரிந்திருக்கும். பிறகு வந்த மதிப்பீட்டு அறிக்கையோ, 'நிலைய ஊழியர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை' என்று முடித்திருந்தது. அந்த வாக்கியத்தை என்னால் இன்று வரை மறக்க முடியவில்லை. மண்வெட்டியோடு நின்ற அந்த மனிதர் தன் முதுகை ஒடித்துக்கொண்டு சரிசெய்தது நம்முடைய கணக்குப் பிழையை. பழியையும் அவர் மேலேயே போட்டோம்.

எனக்கு இது தூரத்து விஷயம் இல்லை. 1970களின் கடைசியில் சிங்கப்பூரின் வடக்கே செம்பவாங் பக்கம் கம்பத்து வீட்டில், அதாவது கிராமத்து வீட்டில், இருந்தோம். எங்கள் கழிப்பறை வாளிக் கழிப்பறை. பின்பக்கம் சின்னக் கதவைத் திறந்து, நிறைந்த வாளியை இழுத்து எடுத்துக்கொண்டு காலி வாளியை உள்ளே தள்ளிவிட்டுப் போவார் ஒருவர். விடிவதற்கு முன்பே வந்துவிடுவார். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை, வாளி சிமெண்டில் உரசும் சத்தம்தான் தெரியும். சிங்கப்பூரில் அந்த வாளி முறை முழுவதும் ஒழிந்தது 1987ல். நாற்பது வருடம்கூட ஆகவில்லை. உங்களில் பலருடைய அம்மா அப்பாவுக்கு அந்தச் சத்தம் நினைவில் இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

அதே சிங்கப்பூர்தான் 2013ல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் தீர்மானம் கொண்டுவந்து, நவம்பர் 19ஐ உலகக் கழிப்பறை தினம் ஆக்கியது. அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையால்தான் பேசுகிறேன். 'சிங்கப்பூர் டிசைன்' என்று சொன்னால் அங்கே ஒரு நகராட்சி ஆணையர் மறு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடுகிறார். நம்மை நம்பிப் போடுகிற கையெழுத்து அது.

தமிழ்நாட்டுக்காரர்கள் ஒன்றும் தெரியாமல் நம்மிடம் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். செப்டிக் டேங்க் கசடைக் கையாள்வதற்கு அவர்கள் 2014லேயே வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டார்கள். மலக்கசடுக்கென்று தனியாக ஒரு நிலையம் கருங்குழியில் 2017ல் வந்துவிட்டது. கர்நாடகத்தில் தேவனஹள்ளி நிலையம் 2015ல். அங்கெல்லாம் இத்தனை வருடமாக வண்டி வந்து போகிறது, பதிவேடு இருக்கிறது, கற்றுக்கொண்ட பாடம் இருக்கிறது. நீங்கள் எடுத்துக்கொள்ளச் சொன்ன 'சராசரி'க்கு முன்னால் அவர்களிடம் ஒரு தொலைபேசி அழைப்பாவது போயிருக்கலாம்.

நேரம் இல்லை என்றீர்கள். மண் பரிசோதனை செய்யாமல் அடித்தளம் போடுவீர்களா? அதற்கு யாரும் சிவப்புக் கோடு போடுவதில்லை. பணம் என்றீர்கள். நான் கேட்ட தொகை மொத்தத் திட்டச் செலவில் ஒரு மூலைக்குக்கூட வராது, உங்கள் பட்டியலே அதைச் சொல்கிறது. மாதிரியைச் சிங்கப்பூருக்கு வரவழைத்துச் சோதிக்கலாமே என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். எடுத்த கணத்தில் இருந்தே கசடு மாறிக்கொண்டிருக்கும், 4 பாகைக் குளிரில் வைத்தாலும் சீக்கிரம் சோதித்தாக வேண்டும். அங்கேயே செய்வதுதான் சரி. சிஓடி சோதனையை எல்லா மாதிரிக்கும் செய்ய வேண்டியதும் இல்லை. அதில் பாதரசம் மிஞ்சும், அதை எங்கே கொட்டுவது என்பது இன்னொரு தலைவலி. எடை, சாம்பல், எவ்வளவு படிகிறது, எவ்வளவு வடிகிறது என்ற சோதனைகள் எல்லா மாதிரிக்கும், சிஓடி சிலவற்றுக்கு மட்டும் என்பது என் அனுபவம். காய்ந்த கசடை விவசாயிக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றால் குடற்புழு முட்டையையும் எண்ணியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2006ல் வைத்த வரம்பு, உலர்ந்த கசடு ஒரு கிராமுக்கு ஒரு முட்டைக்கும் குறைவு. நாற்று நடுகிறவர் வெறுங்காலோடுதான் இறங்குகிறார்.

நான் கேட்பது இவைதான்.

இந்தத் திட்டத்தில் ஏழாவது வரியைத் திரும்பச் சேருங்கள். 6 வாரம் முடியாது என்றால் 4 வாரம் கொடுங்கள், அதற்குக் கீழே வேண்டாம். மாதிரிகள் வீடு, லாட்ஜ், மண்டபம், பொதுக் கழிப்பறை என்று வகைவாரியாக இருக்க வேண்டும். எந்த வகை வண்டி எத்தனை வருகிறது என்ற எண்ணிக்கையும் கூடவே வேண்டும். மழைக்காலத்தில் இன்னொரு முறை எடுக்கத் தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள், கட்டுமானம் தொடங்கிய பிறகானாலும் பரவாயில்லை, இயக்கும் முறையை மாற்றிக்கொள்ள அது உதவும்.

இனி நீங்கள் தரும் ஒவ்வொரு வடிவமைப்பு அறிக்கையிலும், முதல் பக்கத்து எண் ஒவ்வொன்றுக்கும் நேராக 'இந்த ஊரில் அளந்தது' அல்லது 'வேறு இடத்தில் இருந்து எடுத்தது' என்று எழுதுங்கள். கையெழுத்துப் போடும் ஆணையருக்கு அது தெரிய வேண்டும்.

சோதனை முடிவுகளை அந்த நகராட்சிக்கே முழுதாகக் கொடுங்கள், உங்கள் கோப்பில் பூட்டி வைக்காதீர்கள். சோதனையைப் பக்கத்துக் கல்லூரியோடு சேர்ந்து செய்யுங்கள், நாம் திரும்பி வந்த பிறகும் அவர்கள் அளந்துகொண்டே இருக்கலாம்.

லாரி ஓட்டுநர்களுக்கு, நம்மோடு நிற்கும் நேரத்துக்கு, போகும் நடைக்கு ஈடாகக் கூலி கொடுங்கள். கையுறை, பூட்ஸ், தடுப்பூசிச் செலவை அதே வரியில் சேருங்கள். வடிவமைப்புக் கூட்டத்துக்கு அவர்களில் இருவரையாவது கூப்பிடுங்கள்.

கோயில் ஊரில் அறிக்கை எழுதியவர் இதைப் படித்தால், அந்த ஒரு வாக்கியத்தைத் திருத்தி நகராட்சிக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். அந்த ஊழியரின் பணிப் பதிவில் அது இன்னும் இருக்கிறது.

டெண்டர் ஆவணம் வெளியே போக இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. மாதிரிப் புட்டிகள் 60, கூம்புகள் 6, நான் கழுவிக் காயவைத்துப் பெட்டியில் அடுக்கிவிட்டேன். விடுப்பும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த வரியைச் சேர்த்துப் பட்டியலைத் திருப்பி அனுப்பினால், அடுத்த திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு முதல் லாரி வரும்போது நான் அங்கே நிற்பேன்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர்
ஈசூன், சிங்கப்பூர்